இரண்டு மெஷினுக்கும் ஒரே சட்டை

பச்சை விளக்கு விழுந்து, அது போய்ச் சிவப்பு வந்து, அதுவும் போய் இன்னொரு பச்சை விழும்வரைக்கும் டிரைவரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்து ஊரையே கூட்டிவிட்டன. கண்டக்டர் இல்லாத பஸ் அது. கடைசியில் முன் சீட்டு நர்ஸ் ஒருத்தி எழுந்து வந்து தோளைத் தொட்டாள்.

"அம்மா, பச்சை விழுந்து ரொம்ப நேரமாச்சு."

"தெரியும்மா" என்றாள் டிரைவரம்மா. எங்கே தெரியும்! அப்போதுதான் கண்ணையே திறந்திருந்தாள். வண்டி நின்ற இடத்தில் நின்றதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்தபோது அப்படிக் கண் செருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

விஷயம் அன்றைக்கே டிப்போவுக்குப் போய்விட்டது. மேனேஜர் நல்ல மனுஷன். இவளைவிட வயதில் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அதற்கப்புறம்தான் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"மூணு மாசம் வண்டி ஓட்ட வேணாம்க்கா. ஆஸ்பத்திரியிலேருந்து தூக்கம் சரியா இருக்குன்னு பேப்பர் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் கவுன்ட்டர்ல உக்காருங்க."

கவுன்ட்டர் என்றால் பயணிகள் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகும் சாமான்களைத் திருப்பிக் கொடுக்கும் இடம். குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒருநாள் ஒரு பல்செட்டு. பல்லை மறந்துவிட்டு ஒருத்தர் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் புரியவில்லை. வேலை என்னவோ சுலபம்தான். ஆனால் அந்தக் கவுன்ட்டரின் ஜன்னலுக்கு நேர் எதிரே அவளுடைய ஆறாம் நம்பர் வண்டி தினமும் வந்து நிற்கும். வேறொருத்தன் ஏறி, அவள் அளவுக்கு வைத்திருந்த சீட்டைப் பின்னால் தள்ளி, கியரைக் கரகரவென்று மாற்றிக்கொண்டு போவான். பாதி வாழ்க்கையை அந்த சீட்டில் கழித்தவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

மூச்சு மெஷின் அவளுக்குப் புதிதில்லை. அந்த வீட்டில் அது ஜோடியாகவே இருந்தது. தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வரும் வியாதி புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே. ராத்திரித் தூக்கம் அதில் கெட்டு, பகலில் கண் செருகும். மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தால், பக்கத்து மேஜையில் இருக்கும் மெஷின் குழாய் வழியே காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். காற்று எவ்வளவு வேகமாக வர வேண்டும் என்பதை ஆஸ்பத்திரியில் சோதித்து, ஒரு நம்பரை வைத்துக் கொடுப்பார்கள். நாலு வருஷத்துக்கு முன் ஒரே நாளில், ஒரே மாதிரி மெஷின் இரண்டு வாங்கினார்கள். அவளுக்கு ஏழு. அவருக்குப் பதிமூன்று.

அந்தப் பதிமூன்றில் அவருக்கு ஒரு பெருமை. "எனக்குப் பதிமூணு, தெரியுமில்ல?" என்பார், ஏதோ சர்க்கார் பதவி மாதிரி.

அவர் தையல்காரர். வீட்டின் முன்னறையில் மிஷினைப் போட்டு ஜன்னல் திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுப்பவர். எந்தச் சாமானும் உறையில்லாமல் இருப்பதைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. மிக்ஸிக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை, தண்ணீர் கேனுக்கு உறை. மூச்சு மெஷினின் நம்பர் விளக்கு ராத்திரியில் கண்ணில் குத்துகிறது என்று அதற்கும் இரண்டு சட்டை தைத்துப் போட்டுவிட்டார். மிச்சம் விழுந்த கருநீலத் திரைத்துணியில், குழாய்க்கு ஓர் ஓட்டை, பின்னால் இரண்டு பித்தான். கன கச்சிதம். போட்டுவிட்டால் எது எவருடையது என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

அவள் கவுன்ட்டருக்குப் போன அதே வாரம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். சுவரோரம் படுத்திருந்தவர், பாத்ரூம் போக வசதியாகக் கட்டிலின் வெளிப்பக்கத்துக்கு வந்தார். அவள் சுவரோரம் போனாள். தலையணை மாறியது, போர்வை மாறியது, அவரவர் மாஸ்க்கையும் அவரவர் கழற்றி எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று மாசமும் டிரைவரம்மா வைராக்கியமாக இருந்தாள். முன்பெல்லாம் நடு ராத்திரியில் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிடுவாள். இப்போது ஒன்பதரைக்கு மாட்டினால் விடிகாலை ஐந்தரைக்குத்தான் கழற்றுவாள். முதல் இரண்டு நாள் காற்று முகத்தில் புயலாக அடித்தது. ஒழுங்காகப் போட்டால் இப்படித்தான் இருக்கும் போல என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாம் நாளிலிருந்து பழகிவிட்டது. பழகியது மட்டுமா, பகலில் தூக்கம் என்ற பேச்சே இல்லை. சாப்பிட்ட பிறகும் கண் சொக்கவில்லை. குடை வாங்க வந்தவர்களை நிறுத்திவைத்துப் பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிட்டாள்.

"எல்லாம் கட்டுப்பாடுதாங்க. மெஷின் மேல குத்தம் சொல்லக் கூடாது. நம்ம மேலதான் குத்தம்."

குடையைக் கொடுத்தால் போதும் தாயே என்று அவர்கள் ஓடினார்கள்.

வீட்டில் தையல்காரரும் சந்தோஷமாகத்தான் இருந்தார். ரொம்ப நாளாகக் காலையில் எழுந்தால் வயிறு பலூன் மாதிரி உப்பி, ஏப்பம் மேல் ஏப்பமாக விடுவார். அது போன இடம் தெரியவில்லை. "சோடா குடிக்கிறதை விட்டேன் பாரு, அதான்" என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். காலுக்குக் கனம் ஆகாது என்று டாக்டர் விரட்டியதில், ஆபரேஷனுக்கு ரொம்ப நாள் முன்பிருந்தே உடம்பும் இளைத்து, பழைய பேன்ட் எல்லாவற்றையும் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாசம் முடிந்ததும் டிரைவரம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். மெஷினைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. ராத்திரி எத்தனை தரம் மூச்சு நின்றது, எத்தனை மணி நேரம் மாஸ்க் போட்டிருந்தது என்பதையெல்லாம் அது தானாகவே ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். அங்கே இருந்த டெக்னீஷியன் பெண் இவள் பேரைத் தட்டிப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகத் திரும்பினாள்.

"பின்னிட்டீங்கம்மா! மூச்சு நிக்கவே இல்ல. ராத்திரி பதினோரு மணிக்குப் போட்டா காலையில எட்டரை வரைக்கும் கழட்டலை. இப்படி ஒரு பேஷன்ட்டை நான் பாத்ததே இல்ல."

"எல்லாம் கட்டுப்பாடுதாம்மா" என்றாள் டிரைவரம்மா.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். பேப்பரை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு டிப்போவுக்குப் பஸ் ஏறினாள். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவன் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் தானும் காலை அழுத்திக்கொண்டு வந்தாள். நாளைக்கு நம் வண்டி. சீட்டை முன்னால் இழுக்க வேண்டும், கண்ணாடியைத் திருப்ப வேண்டும், அந்தப் பாழாய்ப்போனவன் கியரை என்ன கதிக்கு ஆளாக்கி வைத்திருக்கிறானோ.

பாதி வழியில் தூக்கிவாரிப் போட்டது.

எட்டரையா? எட்டரைக்கு ஏது தூக்கம்? ஏழு மணிக்கெல்லாம் அவள் கவுன்ட்டரில் உட்கார்ந்து யாருடைய குடையையாவது தேடிக்கொண்டிருப்பாளே! பதினோரு மணிக்குப் படுத்து எட்டரைக்கு எழுந்திருக்கிற மகராசன் அந்த வீட்டில் ஒரே ஒருத்தர்தான்.

டிப்போ வந்தது. அவள் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் வீட்டுக்குப் பஸ் பிடித்தாள்.

தையல்காரர் வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்துக்கொண்டு ஒரு திரைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வாங்க இங்க. அந்த ரெண்டு சட்டையையும் கழட்டுங்க."

"எந்தச் சட்டை?"

"மெஷினுக்கு மாட்டி வச்சிருக்கீங்களே, அந்தச் சட்டை!"

படுக்கையறையில் இரண்டையும் உரித்து, இரண்டையும் ஓடவிட்டார்கள். கட்டிலின் வெளிப்பக்கத்து மேஜையில், அவர் தலைமாட்டில், ஏழு என்று நீலமாக எரிந்தது. சுவரோரம், அவள் தலைமாட்டில், பதிமூன்று. ஆட்கள் இடம் மாறியிருந்தார்கள். மெஷின்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மூன்று மாசம் அவருடைய காற்றை அவள் இழுத்திருக்கிறாள், அவளுடைய காற்றை அவர் இழுத்திருக்கிறார்.

தையல்காரர் மார்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

"மூணு மாசமா நான் ஏழுலயா தூங்கினேன்? எனக்குப் பதிமூணு ஆச்சே! செத்துல்ல போயிருக்கணும்!"

"சாகலையே. குத்துக்கல்லாட்டம் உக்காந்துதானே இருக்கீங்க."

"அப்ப உனக்குப் பதிமூணு அடிச்சிருக்கே, உனக்கு ஒண்ணும் ஆகலையா?"

அவள் கைப்பையைத் திறந்து பேப்பரை எடுத்துப் படுக்கையில் வைத்தாள். அதில் அவள் பேர் இருந்தது, டாக்டர் கையெழுத்து இருந்தது. மூச்சு மட்டும் இவருடையது.

தையல்காரருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதப் பாரு. நீ நல்லாத்தானே இருக்கே? பகல்ல தூக்கம் வருதா? வரலை. அப்புறம் யார் மூச்சா இருந்தா என்ன? பேப்பரைக் கொடுத்துட்டு நாளைக்கு வண்டியை எடு. மெஷினை இங்கேயே விட்டுடுவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

சும்மா சொல்லக் கூடாது, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்கும் அப்படியே செய்துவிடலாம் என்றுதான் இருந்தது. அந்த சீட்டில் உட்கார அவளுக்கு அவ்வளவு ஆசை. ஆசையில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அந்த சிக்னல்ல நிக்கும்போதும் நான் நல்லாத்தான் இருக்கேன்னு நெனச்சேங்க" என்றாள். "பின்னாடி அம்பது பேர் உக்காந்திருந்தாங்க."

தையல்காரர் பேப்பரை எடுத்து மறுபடி அவள் கைப்பையில் வைத்தார். மறுநாள் இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டெக்னீஷியன் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தாம்மா நேரத்தைக் கேட்டிருக்கணும். என் தப்பு" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அப்புறம் தையல்காரர் பேரைத் தட்டினாள். நாலு வருஷமாக அந்தக் கணக்கை யாரும் திறந்ததில்லை. வருஷத்துக்கு ஒருதரம் வரச்சொல்லிப் போன் பண்ணுவார்கள். கையில் ஆர்டர் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுவார்.

அந்தக் கணக்கில்தான் டிரைவரம்மாவின் மூன்று மாசத்து மூச்சு இருந்தது. நன்றாக இருந்தால் நல்லது. மோசமாக இருந்தால், கண் சொக்கவில்லை என்று அவள் நினைப்பதெல்லாம் வெறும் நினைப்பு, அந்த சீட்டை மறந்துவிட வேண்டியதுதான்.  பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் விடவில்லை.

டெக்னீஷியன் பெண் திரையில் மேலே போனாள், கீழே வந்தாள், பெருமூச்சு விட்டாள்.

"நல்லா இருக்கும்மா. மணிக்கு ரெண்டு தடவை நிக்குது, அவ்வளவுதான். அது யாருக்கும் நிக்கும்."

டிரைவரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இப்ப உங்க பழைய மெஷின்ல, அந்த சிக்னலுக்கு முந்தின மாசத்தைப் பாருங்க" என்று திரையைத் திருப்பினாள் அந்தப் பெண். "மணிக்கு இருபது தடவைக்கு மேல நின்னிருக்கு. மாஸ்க் போட்டிருந்த நேரத்துலயேதான். ஏழு உங்களுக்குப் பத்தலை. மூச்சு முட்டினதாலதான் நீங்க ராத்திரியில பிடுங்கி எறிஞ்சிருக்கீங்க."

"நான் சோம்பேறித்தனம்னு நெனச்சேனே!"

"இல்லம்மா. நாலு வருஷத்துக்கு முன்னாடி வச்ச அழுத்தம் அது. அதுக்கப்புறம் உங்களுக்கு மாதவிலக்கு நின்னிருக்கு, வயசு ஏறியிருக்கு. தொண்டைத் தசை தளர்ந்தா கூடக் கொஞ்சம் காத்து வேணும். சாருக்கு நேர் எதிர். உடம்பு இளைச்சிட்டாரு, கழுத்துச் சதை குறைஞ்சிடுச்சு. பதிமூணு அவருக்கு ரொம்ப ஜாஸ்தி. மிச்சக் காத்தெல்லாம் வயித்துக்குள்ள போயிருக்கும். ஏப்பம் வந்துதா சார்?"

தையல்காரர் அசடு வழிந்தார். சோடாவைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் வேறொரு குறை அவர் மனசை அரித்தது.

"அப்ப என்னை ஏழுக்கு எறக்கிட்டீங்க. இவளை ஏத்திட்டீங்க."

"சார், இது மார்க் இல்ல. அளவு."

அளவு என்ற பேச்சு வந்ததும் தையல்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. பழைய அளவிலேயே தைத்துவிடுங்கள் என்று வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தி, டேப்பை எடுத்து, ஜன்னலைக்கூட மறுபடி அளந்தால்தான் கத்திரிக்கோலைத் தொடுகிற ஆசாமி அவர். சொந்த மூச்சை நாலு வருஷமாக அளக்கவில்லை. "வருஷத்துக்கு ஒருதரம் வந்துடுறோம்மா" என்றார், ரொம்ப அடக்கமாக.

டிரைவரம்மாவை ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து அளந்தார்கள். பதினொன்று போதும் என்று தெரிந்தது. பதிமூன்று அவளுக்கும் இரண்டு கூடத்தான். ஆனால் பழைய பேப்பர் செல்லாது என்றார் டாக்டர். அவள் பேரில், அவளுடைய மூச்சாக, இன்னும் ஒரு மாசக் கணக்கு வேண்டும்.

மேனேஜர் முழுக்கதையையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நீங்க வாயைத் திறக்கலைன்னா நேத்தே வண்டி எடுத்திருக்கலாமேக்கா."

"எடுத்திருக்கலாம் சார். ராத்திரி தூக்கம் வராது. அப்புறம் மெஷின் இருந்து என்ன பிரயோஜனம்?"

அந்த ஒரு மாசம் முந்தின மூன்று மாசத்தைவிட நீளமாக இருந்தது. பிரசங்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டாள். "மாஸ்க் போட்டும் தூக்கம் வந்தா, உங்களையே திட்டிக்காதீங்க. போய் அழுத்தத்தைப் பாக்கச் சொல்லுங்க" என்று குடையை நீட்டினாள். நாலைந்து பேர் நின்று கேட்கவும் செய்தார்கள். வீட்டில் தையல்காரருக்கு உறை தைக்கத் தடை விதிக்கப்பட்டது. இனி எதற்காவது சட்டை தைத்தால் கத்திரிக்கோல் தெருவில் கிடக்கும் என்று சொல்லிவிட்டாள். அவரும் நல்ல பிள்ளையாக இருந்தார், ஒரே ஒரு தரம் பிளாஸ்க்கைக் கண்ணால் அளந்ததைத் தவிர.

மாசம் முடிந்தது. கணக்கு சுத்தமாக வந்தது, ஒன்பதரையிலிருந்து ஐந்தரைவரைக்கும், அவளுடைய நேரம், அவளுடைய மூச்சு. மேனேஜர் சாவியை நீட்டினார். அவள் அதை வாங்கியபோது கவுன்ட்டரில் நின்ற மற்ற டிரைவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் முதல் வண்டி, விடிந்தும் விடியாத நேரம். தையல்காரரும் கிளம்பி நின்றார்.

"நீங்க எங்க?"

"முதல் நாள் இல்ல? உன் கூட வரேன். கண்ணு கிண்ணு சொக்குனா நான் தட்டி எழுப்புவேன்."

"எட்டரைக்கு எந்திரிக்கிற ஆளு நீங்க!"

"இன்னைக்கு ஒருநாள் நீ பேசாம ஓட்டு."

அவள் சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், கியரை ஒருதரம் தடவிக்கொடுத்தாள். அவர் நேர் பின்னால் முன் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் பிடரியையே பார்த்தார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்கள் ஏறினார்கள். ஆபீஸ் கூட்டுகிற பெண்கள், ராத்திரிக் காவல் முடிந்து வீடு திரும்புகிற இரண்டு பேர், பேக்கரிக்கு வேலைக்குப் போகிறவன், ஒரு தாயும் கைக்குழந்தையும்.

நாலாவது நிறுத்தம் தாண்டியதும் வண்டி அமைதியாகிவிட்டது. கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். கூட்டுகிற பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்திருந்தார்கள். காவல்காரர் தொப்பி மூக்குவரைக்கும் இறங்கியிருந்தது. பேக்கரிக்காரன் ஜன்னலில் நெற்றியை முட்டுக்கொடுத்திருந்தான். குழந்தை தூங்கியது, தாயும் தூங்கினாள். அத்தனை பேரும் அவளை நம்பி, பொட்டுக் கவலை இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி முழுக்க முழித்திருந்தது அவள் ஒருத்திதான். குபுக்கென்று கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

திடீரென்று பின்னாலிருந்து மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் எழும்பியது. கூட்டுகிற பெண்களில் ஒருத்தி திடுக்கிட்டு எழுந்து, தட்டுத்தடுமாறி முன்னால் வந்தாள்.

"யாரும்மா இந்த ஆளு? இப்படிக் குறட்டை விடுறாரு, ஒரு பொட்டுத் தூங்க முடியலை!"

"என் வீட்டுக்காரர்தாம்மா" என்றாள் டிரைவரம்மா. "நான் தூங்கிடாம இருக்கக் காவலுக்கு வந்திருக்காரு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள். முன்னால் ஒரு வளைவு வந்தது. அவர் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காதபடி டிரைவரம்மா வண்டியை மெதுவாகத் திருப்பினாள்.